எட்டாயிரத்திற்கு ஏகமனதாய் ஒரு தீர்மானம்

எல்வின், கியா பார்ம் என்னும் மலையூரிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவன். ஏறுமுன் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். தேநீரை ஆறவைத்தே குடிப்பான். எந்த எண்ணையும் இருமுறை சரிபாராமல் நம்பமாட்டான். இப்பழக்கத்தினாலேயே, தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் திருவிழாவை இணையத்தில் நேரலையாக அனுப்பும் வேலை அவன் தலையில் விழுந்தது.

அவனுக்கும் அதில் ஒரு கவலை இருந்தது. பாடகர் குழுவை இருபது ஆண்டுகள் நடத்திய அவன் மனைவி ரெனீ, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டிய கண்களோடு ஈப்போ மருத்துவமனையில் படுத்திருந்தாள். படம் அவளுக்குப் பயனில்லை. பாட்டுக் கேட்டாக வேண்டும்.

நொடிக்கு எத்தனை கிலோபிட் அனுப்புவது என்னும் பேச்சு கோயில் கூட்டத்தில் எழுந்தது. தலைவர் சூசைமுத்து கனைத்துக்கொண்டார்.

"பிரிஞ்சாங்ல ஒரு கல்யாணத்துக்கு ஆறாயிரம் வச்சாங்களாம். நாம எட்டாயிரம் வைப்போம்லா."

"தலைவரே, இது மொய் இல்ல" என்றான் எல்வின். "நம்ம மேட்டு இன்டர்நெட் லைன் மூவாயிரத்துக்கு மேல ஏத்தாது. மீறுனா பாட்டும் சேர்ந்து அறுந்துடும்."

"மூவாயிரம்னு வெளிய தெரிஞ்சா தோட்டத்து மானம் என்னாறது தம்பி?"

கைகள் உயர்ந்தன. உச்ச வரம்பு எட்டாயிரம் என்று செயலாளர் எவலின் எழுதிக்கொண்டாள். படத்தில் தேயிலைச் சரிவு தெரிந்தே ஆகவேண்டும் என்பது இரண்டாம் தீர்மானம்.

ஒத்திகையன்று காற்று வீசியது. சரிவிலிருந்த இலைகள் யாவும் அசைந்தன. அசைந்த ஒவ்வோர் இலையையும் புதிதாக வரைந்தனுப்ப வேண்டிய கணினி எட்டாயிரத்தையும் கேட்டது, லைன் திணறியது. ரெனீ தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னாங்க, 'மரியே'ன்னு ஆரம்பிக்கிறாங்க, அப்புறம் சத்தத்தையே காணோம். கண்ணக் கட்டியாச்சு, காதையும் கட்டிட்டீங்களா?"

எல்வின் வரம்பைக் குறைக்கும்படி தலைவரிடம் கேட்டான்.

"தீர்மானத்த மாத்தணும்னா அடுத்த கூட்டம் வரட்டும்" என்றார் அவர். அடுத்த கூட்டம் திருவிழாவுக்கு மறுவாரம். கூடவே, தேயிலைச் சரிவின்முன் கோட்டணிந்து தாம் நிற்கும் புகைப்படம் ஒன்றையும் நீட்டினார். "ஆரம்பத்துல இத ஒரு நிமிசம் காட்டு. ரொம்ப வேணாம், ஜனங்க தப்பா நெனப்பாங்க."

எல்வின் அதைப் போட்டுப் பார்த்தான். தலைவர் அசையவில்லை. அவருக்குப் பின்னே சரிவும் இருந்தது. காற்று மட்டும் இல்லை. படத்துக்கான எண் இருநூறுக்கு இறங்கிற்று. ஒலிக்குரிய நூற்றறுபது சிந்தாமல் சிதறாமல் போயிற்று.

"இப்ப நல்லா கேக்குது" என்றாள் ரெனீ. "பின்னால யாரோ சுதி விட்டுப் பாடுறாங்களே, அதுகூடக் கேக்குது."

எல்வின் எண்ணை இரண்டாம் முறையும் பார்த்தான். எட்டாயிரத்தை அவன் தொடவில்லை, தீர்மானம் தீர்மானமே. எவலினிடம் மட்டும் மெல்லச் சொன்னான்:

"நாளைக்குப் பூசை முடியிற வரைக்கும் தலைவர் படந்தான் இருக்கும்."