உங்கள் நாற்காலி ஆடுகிறதா?

பெயர் நாற்காலிதான். ஆனால் அலுவலகத்தில் உட்காரும் சுழல் நாற்காலிக்குக் கால் ஐந்து. பெயருக்கு மேல் ஒரு கால் கூடுதலாக இருந்தும் அது ஆடும். ஏன் ஆடுகிறது என்று குனிந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் அவரை நாற்காலிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெயரை மட்டும் கேட்டவர்கள் யாரோ பெரிய பதவியில் இருப்பவர் என்று நினைத்து எழுந்து நின்றதும் உண்டு. அவரிடம் இருந்ததோ ஒரு பட்டறை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சக்கரங்கள், எண்ணெய்க் கறை ஏறிய ஒரு மர ஸ்டூல். அவர் உட்காருவது அந்த ஸ்டூலில்தான்.

முன்பெல்லாம் சக்கரம் கழன்றால் கூப்பிட்டு அனுப்புவார்கள். இப்போது கம்பெனிகள் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கின. பட்டறையில் ஸ்பேனர்கள் அதனதன் இடத்தில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதுதான் கெட்ட சகுனம். வேலை இருந்தால் அவை அப்படித் தொங்காது.

அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்குப் பொறுப்பு. யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க,” என்றாள். “ஒரே ஒரு கம்பெனி வருஷ ஒப்பந்தம் போட்டா போதும், பட்டறை இருக்கட்டும். இல்லன்னா ஒண்ணாந்தேதி எங்க அண்ணன் ஆபீஸ்ல சேர்ந்துடுங்க.”

“உங்க அண்ணன் ஆபீஸ்ல நான் என்ன பண்றது?”

“அவரு என்ன பண்றாருன்னே யாருக்கும் தெரியாது. அதையே நீங்களும் பண்ணுங்க.”

அண்ணன், அதாவது நாற்காலிக்காரரின் மச்சான், தன்னை ‘வளர்ச்சிச் சிற்பி’ என்று சொல்லிக்கொள்பவர். உத்தியோகஸ்தர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுப்பதற்கென்றே இருக்கும் தொழில் வலைத்தளத்தில் எப்படி எழுதினால் ஏற்ற வாடிக்கையாளர் தேடி வருவார் என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தால் அலுவலகத்தில் அவரை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். கல்யாணத்தன்று மாலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைச் சார் என்று கூப்பிட நாற்காலிக்காரருக்கு நாக்கு எழவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே அவர் பட்டறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

தங்கை சொன்னதைக் கேட்டு மச்சானே உதவிக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துவிட்டும் உட்காராமல் நின்றார்.

“மாப்ளே, உன்னோட லட்சிய வாடிக்கையாளர் யாரு?”

“நாற்காலி உடைஞ்சவங்க, மச்சான்.”

“அது கும்பல். நான் கேக்கறது ஒரே ஆள். அவருக்கு என்ன வயசு, காலைல எழுந்ததும் எதை நினைச்சு பயப்படுவாரு, அவரோட வலி எங்க இருக்கு?”

“இடுப்புல.”

“மனசுல மாப்ளே, மனசுல!”

“இடுப்பு வலிச்சா மனசுக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கும்?”

மச்சான் பெருமூச்சு விட்டுவிட்டு அவருக்கு அந்த வலைத்தளத்தில் ஒரு கணக்கைத் தொடங்கினார். நாற்காலி பழுது பார்ப்பவர் என்று எழுதினால் மரியாதை இருக்காது என்று ‘இருக்கை உத்தி ஆலோசகர்’ என்று போட்டார். படத்துக்குத் தன் கோட்டையே கழற்றிக் கொடுத்தார். பொத்தான் எட்டவில்லை, அதை மறைக்க நாற்காலிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். படத்தில் பார்த்தால் நாலு கம்பெனிகளை மூடிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். நாற்காலியின் படத்தைப் போடலாமா என்று கேட்டதற்கு மச்சான், “பொருளைக் காட்டாதே, ஆளைக் காட்டு,” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முதல் பதிவையும் அவரே எழுதினார்.

‘நேற்று ஒரு சக்கரம் உடைந்தது.

நான் அழவில்லை.

அந்தச் சக்கரம் எனக்கு மூன்று பாடங்கள் சொன்னது.’

மூன்று பாடங்களும் பின்னால் வரிசையாக வந்தன. இருபது வருடமாகச் சக்கரங்களோடு புழங்கியவர் என்ற முறையில், அவை இவ்வளவு பேசாது என்பது நாற்காலிக்காரருக்குத் தெரியும். பதிவுக்கு மூன்று விருப்பக்குறிகள் விழுந்தன. ஒன்று மச்சானுடையது. ஒன்று மச்சானிடம் சம்பளம் வாங்குகிறவருடையது. மூன்றாவது ஆள் புது நாற்காலி விற்கிறவர், ‘அருமை! உடைந்ததை விடுங்கள், புதிதாக வாங்குங்கள்’ என்று கீழே எழுதியும் வைத்தார்.

இப்படியே நாற்காலியின் முதுகுச் சாய்வும் கைப்பிடியும் ஆளுக்கு ஐந்து பாடம் சொல்லி முடித்ததில் மாதம் கரைந்தது. கடைசி வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது மச்சானின் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டிவிட்டுப் போனாள். நாற்காலிக்காரர் அந்தக் கோட்டு மேலே படாமல் குனிந்து வெளியே வந்தார். பட்டறைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஒரு பதிவு எழுதினார்.

‘உங்கள் நாற்காலி ஆடுகிறதா? உட்கார்ந்திருக்கும்போதே கீழே இறங்குகிறதா? மதிய இடைவேளையில் வந்து சத்தமில்லாமல் சரிசெய்து தருகிறேன். பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாது. இருபது வருட அனுபவம்.’

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துளைபோடும் எந்திரத்தை அவர் தொடுவதே இல்லை, எல்லாம் கையால் திருகும் ஸ்பேனர்தான். அதனால் பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்காது.

மதியத்துக்குள் ஒரு விருப்பக்குறிகூட விழவில்லை. ஆனால் தனிச்செய்திகள் முப்பத்தெட்டு வந்திருந்தன. எல்லாம் மேலாளர்கள், துணைத் தலைவர்கள், இயக்குநர்கள். எல்லாவற்றிலும் ‘ரகசியமாக’ என்ற சொல் இருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை மட்டமான நாற்காலியிலா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாற்காலிக்காரர் மனம் வருந்திக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது. ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பொது மேலாளர். கிசுகிசுவென்று பேசினார்.

“இருக்கை உத்தி ஆலோசகர்தானே?”

“ஆமா சார். நாற்காலி ஆடுதா?”

“நாலு மாசமா.”

“எந்தப் பக்கம் ஆடுது?”

“மூணாவது மாடிப் பக்கம். அங்க ஒருத்தன் இருக்கான். எப்படா இவன் எழுந்திருப்பான், நாம உட்காரலாம்னு பாத்துக்கிட்டே இருக்கான்.”

“ரெண்டு பேரு மாத்தி மாத்தி உட்கார்ற நாற்காலின்னா சீக்கிரம் ஆடத்தான் செய்யும் சார்.”

“மாத்தி உட்காரவா? என் பொணத்து மேல!”

“கோவப்படாதீங்க. அடியில பாத்தீங்களா?”

“அடியிலதான்யா தோண்டிக்கிட்டே இருக்கான்!”

“சரி, நான் வந்து பாக்கறேன். மேல ஏத்தணுமா, இல்ல இப்ப இருக்கற உயரத்துல நின்னா போதுமா?”

“நின்னா போதும்,” என்றார் பொது மேலாளர். “ஏறுறதப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மறுநாள் மதியம் நாற்காலிக்காரர் போனபோது அறையின் திரைகள் எல்லாம் இறக்கிவிடப்பட்டிருந்தன. பொது மேலாளர் கதவைத் தானே தாழிட்டார். கருவிப் பெட்டியைப் பார்த்து, “இதுல என்ன, கோப்புகளா?” என்றார்.

“ஸ்பேனர் சார்.”

“ஓ, அப்படித்தான் பேர் வச்சிருக்கீங்களா! பிரமாதம்,” என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கொட்ட ஆரம்பித்தார். திங்கட்கிழமைதோறும் நிர்வாகக் கூட்டம். முன்பெல்லாம் இவர் பேசினால் கம்பெனித் தலைவி முகத்தைப் பார்த்துக் கேட்பாராம். நாலு மாதமாகப் பார்ப்பதே இல்லை. “தலைக்கு மேல பாக்கறாங்க. சுவரைப் பாக்கற மாதிரி. நான் ஒருத்தன் அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியல. மூணாவது மாடிக்காரன் வாயைத் திறந்தா மட்டும் தலை தலையா ஆட்டறாங்க.”

நாற்காலிக்காரர் அவர் சொல்வதைக் காதில் வாங்கினாலும் கண்ணை அவருடைய ஒரு சட்டைப் பொத்தானில் வைத்திருந்தார். பேச ஆரம்பித்தபோது மேஜைக்கு மேலே இருந்த பொத்தான், இப்போது மேஜை விளிம்புக்குக் கீழே போய்விட்டிருந்தது. மனிதர் பேசப் பேசச் சன்னமாக இறங்கிக்கொண்டே வந்தார்.

“கூட்டத்துக்கும் இதே நாற்காலிதானா சார்?”

“ஆமா. தள்ளிக்கிட்டே போயிடுவேன். அடுத்தவன் நாற்காலில உட்கார்ற புத்தி எனக்குக் கிடையாது.”

“கொஞ்சம் எழுந்திருங்க.”

எழுந்ததும் நாற்காலிக்காரர் நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே நிஜமாகவே ஸ்பேனர்கள் இருந்தன. பொது மேலாளர் பார்த்த பார்வை, மானத்துக்குப் பயந்து பின்வாசல் வழியாக மருத்துவரை வரவழைத்து, வந்தவர் மாட்டு வைத்தியர் என்று கண்டுகொண்டவருடையது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நாற்காலிக்காரருக்கு விஷயம் உறைத்தது. முப்பத்தெட்டுச் செய்திகளும் உறைத்தன. ‘ஆமா சார், நான் உத்தி ஆலோசகர்தான்’ என்று சொல்லிச் சமாளித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கொடியில் தொங்கும் கோட்டு கண்முன் வந்து போனது. அப்படிச் சமாளிப்பதற்கு மச்சானிடமே போய்ச் சேர்ந்துவிடலாம்.

“சார், நான் நாற்காலி சரிபண்றவன்,” என்றார். “நீங்க வேற எதையாவது நினைச்சுக் கூப்பிட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. கெளம்பிடறேன்.”

பொது மேலாளருக்கு இப்போது இரண்டு வழிதான். பதவி போய்விடுமோ என்று பயந்து முன்பின் தெரியாத ஆளை ரகசியமாகக் கூப்பிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது நாற்காலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

“வேற என்னத்தை நினைக்கறது?” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “நானும் நாற்காலியத்தான சொன்னேன்? பண்ணுங்க, பண்ணுங்க.”

அரை மணி நேரம் ஆயிற்று. நாற்காலிக்காரர் இருக்கைக்கு அடியில் இருந்த பழைய உருளையைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, பழையதை அவர் மேஜைமேல் வைத்தார்.

“இதுக்குள்ள காத்து அடைச்சிருக்கும் சார். அதுதான் உங்களைத் தூக்கிப் பிடிக்குது. இது கசியுது. ஒரு மணி நேரக் கூட்டம்னா நீங்க ஒரு சாண் இறங்கிடுவீங்க. மேடம் உங்க தலைக்கு மேல பாக்கல. அவங்க பாக்கற எடத்துலதான் பாக்கறாங்க. உங்க தலைதான் அங்க இல்ல.”

பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை, மாதத்தின் கடைசி நாள். நாற்காலிக்காரர் காலையிலிருந்து ஒன்றுக்கும் உதவாத ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இந்தமுறை பொது மேலாளர் கிசுகிசுக்கவில்லை.

“கூட்டம் ரெண்டு மணி நேரம். இம்மி இறங்கல! மேடம் நேரா என்னைப் பாத்து, ‘எங்க போயிருந்தீங்க இவ்வளவு நாளா?’ன்னு கேட்டாங்க. லீவுல போனதா நினைச்சிருக்காங்க! சரி, இப்பவே கெளம்பி வாங்க. கட்டடம் முழுக்க இருக்கற நாற்காலிக்கு வருஷ ஒப்பந்தம் போடறோம். எல்லா மாடியும். மூணாவது மாடி தவிர.”

“மூணாவது மாடி ஏன் சார் வேணாம்?”

“அங்க நாற்காலியெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் பொது மேலாளர் இனிமையாக.

சாயங்காலம் மனைவி ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தாள். ‘மூன்றாம் மாடி நீங்கலாக’ என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்போது அவர் கைப்பேசியில் புதிய செய்தி ஒன்று வந்து விழுந்தது: ‘அதே கட்டடம், மூன்றாம் மாடி. இன்று காலையிலிருந்து என் நாற்காலி ஆடுவதுபோல் இருக்கிறது. ரகசியமாகப் பேச வேண்டும்.’

“என்னங்க எழுதப் போறீங்க?”

“எந்த நாற்காலின்னு கேட்டுட்டுதான் இனிமே பெட்டியைத் தூக்கறது.”

அவள் எழுந்து போய்க் கொடியிலிருந்த கோட்டை மடித்துப் பையில் போட்டாள்.

ஒன்றாம் தேதி காலை அந்தப் பையைக் கொடுக்க அவர் மச்சானின் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மச்சானே வந்தார். தெருவில் தன் சுழல் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு, கடகடவென்று ஊரே திரும்பிப் பார்க்க வந்தார். முந்தின நாள் இரவோடு இரவாக ‘என் மாணவர் ஒருவரின் வெற்றி சொல்லும் ஏழு பாடங்கள்’ என்று எழுதிப் போட்டிருந்தவர் அவர்.

“மாப்ளே, நாற்காலி ஆடுது.”

“எந்த நாற்காலி, மச்சான்?”

மச்சான் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ராத்திரி போட்ட பதிவைப் பாத்துட்டு என்கிட்ட வர்றவனெல்லாம் பாடம் வேணாங்கறான். உங்க மாணவர் எழுதின மாதிரி நாலு வரி எழுதிக் குடுங்கன்னு கேக்கறான். எனக்கு அது வரமாட்டேங்குது.”

நாற்காலிக்காரர் நாற்காலியைக் கவிழ்த்தார். ஒரே ஒரு திருகு கழன்றிருந்தது. “இதை முடுக்கிடலாம். மத்தது என் கைல இல்ல. நீங்க உட்காருங்க,” என்று ஸ்டூலைக் காட்டினார்.

போக்கிடமில்லாமல் மச்சான் இந்தமுறை உட்கார்ந்தார். அது ஆடவில்லை. சற்று நேரம் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தவர், முகம் மலர்ந்து, கைப்பேசியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். நாற்காலிக்காரர் ஸ்பேனரோடு எட்டிப் பார்த்தார். திரையில் ‘இன்று ஒரு ஸ்டூல் எனக்கு’ என்பது வரை வந்திருந்தது.

“மச்சான், அது என்ன சொல்லுதுன்னு என்கிட்டயும் சொல்லுங்க. இருபது வருஷமா அது மேல உட்கார்றேன், இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல.”