பயிற்சி வகுப்பில் சொன்ன வலி

பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கு வருஷா வருஷம் பாக்கியவதி தேவைப்பட்டாள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் மார்புப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து, பிழைத்து, அதைக் கூச்சமில்லாமல் வெளியே சொல்லவும் துணிந்தவள் அவள் ஒருத்திதான். இல்லாதப்பட்டவர்களுக்கு மட்டும் இந்த நோய் ஏன் முற்றிய பிறகே தெரியவருகிறது என்று ஆராய, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே ஆராய்ச்சியாளர்களாகப் பழக்குகிற திட்டம் அது. நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படிக் காதுகொடுப்பது என்று பழக ஒரு நோயாளி வேண்டுமே.

சர்ச் ஹாலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிரில் வந்து கேள்வி கேட்பார்கள். கட்டியைக் கையில் உணர்ந்தது, சாதாரணக் கட்டிதான் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பியது, பெங்களூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தது, எல்லாவற்றையும் சொல்வாள். எந்த இடத்தில் பிள்ளைகள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள்.

இந்த வருஷம் போக மனசில்லை. தீபாவளிக்கு முன்பே பிடித்த முதுகுவலி விடவில்லை. பக்கத்து கிளினிக்கில் வயசாகிவிட்டது என்று தைலம் கொடுத்தார்கள். புருஷன் சம்பங்கி பெங்களூரில் வாட்ச்மேன். விடிவதற்குள் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. போன முறை அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் இருந்த வேலை போய்விட்டது. அதனால் அவரிடம் வலியைப் பாதிதான் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் போனாள். இந்த முறை பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் வின்னியும் ஒருத்தி. பின் லைனில் குடியிருக்கும் டென்சிலின் மகள். அந்த லைன்களிலிருந்து இவ்வளவு தூரம் படித்துப் போன முதல் பெண். பெரிய டாக்டர்களோடு பழகுகிறவள். நம்ம பொண்ணு, இவளிடம் சொன்னால் வழி பிறக்கும் என்று பாக்கியவதி நினைத்தாள்.

வின்னி எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் மமதா மேடம், பயிற்சியை நடத்துகிறவர், பேனாவோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

“உடம்பு எப்படி இருக்கு ஆன்ட்டி?”

தேவலாம் என்று சொல்லிவிட்டுப் பழைய கதையை ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

“நல்லா இல்லம்மா,” என்றாள் பாக்கியவதி. “முதுகு நோவுது. படுத்தா எழுந்துக்க முடியல. தைலம் தேய்ச்சா இன்னா ஆவும்? எனக்கு பயமா கீது வின்னி. அதுதான் திரும்பவும் வந்துச்சோன்னு.”

வின்னியின் கண் கலங்கியது. அவள் குறுக்கே பேசவில்லை. ஹாலே அமைதியாக இருந்தது. பிறகு மெதுவாக, “அந்த பயம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?” என்றாள்.

“இருந்துச்சாவா? இப்பதாம்மா கீது.”

“ம். சொல்லுங்க.”

மேடம் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். “பாத்தீங்களா? அட்வைஸ் பண்ணலை. ஆறுதல் சொல்லி வாயை அடைக்கலை. அந்த மௌனத்தை அப்படியே விட்டா பாருங்க, அதுதான் வேணும்.” பாக்கியவதியின் பக்கம் திரும்பினார். “அம்மா, இந்த தடவை புதுசா பண்ணீங்க. நெஜம் மாதிரியே இருந்துச்சு!”

“மேடம், அது நெஜமாவே...”

“ஆமாமா, நெஜமாவேதான்!” மேடம் சிரித்துக்கொண்டே அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

வின்னி புதுப் பாராட்டில் முகம் சிவந்துபோய்த் தன் இடத்துக்குப் போனாள். பாக்கியவதி அவளையே பார்த்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்த பையன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். “தேவலாம்பா,” என்று சொல்லிவிட்டு, கட்டியைக் கையில் உணர்ந்ததிலிருந்து பழைய கதையை ஆரம்பித்தாள். வழக்கமான இடத்தில் அவனும் அழுதான்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். எழ முடியவில்லை. சம்பங்கி லீவு சொல்லி, கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. வலியைக் குறைக்கலாம், நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

“இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையா?” என்று டாக்டர் கேட்டார்.

“சொன்னேன்.”

“யார்கிட்ட?”

சம்பங்கி பாக்கியவதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி தெரிந்து வின்னி ஓடிவந்தாள். கட்டிலருகே மண்டிபோட்டு உட்கார்ந்து அழுதாள். “கேட்டுனுதான் இருந்தேன் ஆன்ட்டி. ஆனா அடுத்து இன்னா கேக்கணும்னே மனசுல ஓடுச்சு. மேடம் பாத்துனு இருந்தாங்க.”

வந்தால் மன்னித்துவிடலாம் என்றுதான் பாக்கியவதி இருந்தாள். அவள் அழுவதைப் பார்த்ததும் முடியவில்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் அழுத. அழுததுக்கு கைதட்டு வாங்கின.”

வின்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மேடத்திடம் சண்டை போட்டாளாம். மேடமும் ஆடிப்போய்விட்டாராம். நடந்ததைக் கட்டுரையாக எழுது, இனி வருகிறவர்களாவது இப்படிச் செய்யாமல் இருக்கட்டும் என்றாராம். வின்னி பெயரில்தான் வரும். பாக்கியவதியின் சம்மதம் வேண்டும்.

“என் பேரு வருமா?”

“போடக்கூடாது ஆன்ட்டி. நோயாளி பேரை ரகசியமா வெச்சிருக்கணும். ரூல்ஸ்.”

“அத்தினி பேர் இருந்த ஹால்ல வாய்விட்டு சொன்னேன். அதுல இன்னாடி ரகசியம்?”

பாக்கியவதி கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். படுத்தபடியே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வின்னி போன பிறகு சம்பங்கி கஞ்சியோடு வந்தார். “இன்னாத்துக்கு போட்டுக் குடுத்த? அந்தப் பொண்ணாவது மேல வரட்டும்னா?”

“இல்ல,” என்றாள். “போட்டாதான் போவா.”

அவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, பாதிக் கஞ்சியைக் குடித்தாள். மீதி வேண்டாம் என்று கையால் தள்ளினாள்.