ஊர்சுற்றியின் பெட்டிச் செய்தி

'ஊர்சுற்றி' என்ற பெயரில் நாளிதழில் வாராவாரம் கோடைப் பக்கம் எழுதுகிறவள், வீட்டை விட்டு வெளியே போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. அந்த வீட்டில் சுற்றியது அது ஒன்றுதான்.

எங்கே சாப்பிடலாம், பிள்ளைகளை எங்கே தண்ணீரில் இறக்கிவிடலாம், எந்தப் பூங்காவில் சாயங்காலம் பாட்டு என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாதி நகரம் விடுமுறைக்குக் கிளம்பும். முதல் இரண்டு கோடையில் எல்லா இடத்துக்கும் அவள் நேரில் போனாள். படகில் ஏறி வாந்தி எடுத்தாள், ராட்டினத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரே நாளில் ஐந்து கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டாள். மூன்றாம் கோடையில் ஆசிரியர் பத்து இடத்தை இருபதாக்கினார். ஆளை மட்டும் இரண்டாக்கவில்லை. பிறகு என்ன, போன வருடத்துக் கோப்பைத் திறப்பது, தேதியை மாற்றுவது, 'இதமான' என்று இருந்ததைக் 'குளுகுளு' ஆக்குவது, அனுப்புவது. ஈயடிச்சான் காப்பி. பள்ளிக்கூடத்தில் இதற்கு முட்டி போட வைப்பார்கள். பத்திரிகையில் நேரம் தவறாதவள் என்று பாராட்டுவார்கள்.

அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளைத் தைரியமாக எந்த உணவகத்துக்கு அழைத்துப் போகலாம் என்பது. அது அவளுடைய யோசனை. அக்கா மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. இரண்டு வயதில் ஒரு கடி பிஸ்கட்டுக்கு உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். இப்போது எட்டு வயது. அவனுக்காக ஆரம்பித்த பெட்டியை முகம் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதற்குத்தான்.

சனிக்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு, ஆற்றோரத் தோட்ட உணவகத்தின் விளம்பரப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்! இன்னைக்கு செம கூட்டம். புது சமையல்காரர், புது மெனு. ஒருநாள் கண்டிப்பா வாங்க!"

கூடவே இரண்டு படம். ஒன்று மெனு. வறுத்த வேர்க்கடலை தூவிய மீன், அரைத்த வேர்க்கடலையில் ஊறிய கோழி, வேர்க்கடலை ஐஸ்கிரீம். இன்னொன்றில், அவளுடைய பெட்டிச் செய்தியை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். 'இந்தச் சமையலறைக்குள் வேர்க்கடலை நுழைந்ததே இல்லை' என்ற வரி மட்டும் சிவப்பில். மெனு அடித்தவர் பலகையைப் படிக்கவில்லை, பலகை அடித்தவர் மெனுவைப் படிக்கவில்லை, எழுதியவள் எதையும் பார்க்கவில்லை. பழைய சமையல்காரர் இருந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன்னால், அது நிஜமாக இருந்தது.

முந்தின நாள்தான் அக்கா போனில் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் ஆத்தோரத்துக்குத்தான் போறோம். இந்த வாரமும் உன் பெட்டியில போட்டிருக்கியே." இவளும் ஏதோ நேற்றுத்தான் சாப்பிட்டு வந்தவள் மாதிரி, "போயிட்டு வாங்க, நல்லா இருக்கும்" என்றாள்.

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தானின் போன் எப்போதும் போல ஊமை. உணவகத்துக்கு அடித்தால், காத்திருங்கள் என்று ஒரு இனிமையான குரல். ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொரு காலில் யாருடையதோ, கதவைக்கூடப் பூட்டாமல் மாடிப்படியில் இறங்கினாள். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். "வாயில வைக்காதடா, வைக்காதடா" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப அக்காவை அழைத்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா எடுத்தாள்.

"என்னடி? பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"பையன் என்ன சாப்பிட்டான்? அக்கா, பையன் என்ன சாப்பிட்டான்?"

"தர்பூசணி. மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கான். எதைக் கேட்டாலும் கடலை போட்டதுங்கறாங்க."

"நீ கேட்டியா?"

"கேக்காம அவன் தட்டுல எதையாவது வைப்பேனா? நீ எழுதினா என்ன, சாமியே வந்து எழுதினா என்ன."

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தன்னை ஒருத்தி நம்பாமல் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. யாருக்காக ஆரம்பித்தாளோ, அவனுடைய அம்மாவே ஒரு நாளும் நம்பவில்லை.

ஆனால் மற்றவர்கள் நம்பினார்களே.

"அக்கா, அங்க வேற யாராவது அந்தப் பக்கத்தைக் கையில வச்சிருக்காங்களா பாரு."

"ரெண்டு மூணு மேஜையில இருக்குடி" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "பிள்ளைங்களோட."

"மேனேஜர்கிட்ட கொடு."

மேனேஜர் மிகவும் மரியாதைக்காரர். "பலகையை உடனே எடுத்துடறோம் மேடம். ஆனா சாப்பாட்டு நேரத்துல மைக்குல சொல்லச் சொல்றீங்களே, கூட்டம் கலைஞ்சிடும்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப நீ சொல்லுக்கா."

"நானா?"

அக்காவுக்கு நூலகத்தில் வேலை. பதினேழு வருடமாக மற்றவர்களை 'உஸ்' என்று அடக்கியவள், நாலு பேர் முன்னால் வாயைத் திறந்ததில்லை. ஆனாலும் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. மைக் ஒருமுறை கீச்சிட்டது.

"எல்லாரும் மன்னிக்கணும். வாசல் பலகையில இருக்கறது தப்பு. இங்க கிட்டத்தட்ட எல்லாத்துலயும் வேர்க்கடலை இருக்கு. ஒத்துக்காத பிள்ளைங்களுக்குத் தயவுசெஞ்சு எதுவும் கொடுக்காதீங்க." அப்புறம் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதை எழுதினது என் தங்கச்சிதான்."

ஒரு பெண்ணின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"துப்புடி! கண்ணு, துப்பு! துப்பு!"

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் விழுந்தன. தண்ணீர் என்று ஒருவர் கத்தினார், பை எங்கே என்று இன்னொருவர். போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருந்தது. எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, அக்கா மறுபடி போனில் வந்தாள். "ஆறு வயசுப் பொண்ணுடி. ஐஸ்கிரீம் ரெண்டு வாய் உள்ள போயிருக்கு. உதடெல்லாம் வீங்கிடுச்சு. அலர்ஜிக்கான ஊசி அவங்க பையிலயே இருந்துது, போட்டாச்சு. மூச்சு விடறா. ஆம்புலன்ஸ்ல அவங்க அம்மா ஏறிட்டாங்க, அப்பா பின்னாலயே போகப்போறார்." அக்கா நிறுத்தினாள். "அதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நிக்கறார். எழுதினவங்க இங்க வந்து பாத்தாங்களான்னு கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. சமையல்காரர் மாறியதை யாரும் தெரிவிக்கவில்லை. வாரத்துக்கு இருபது இடம். ஒரு காலத்தில் அது உண்மைதான். ஒவ்வொன்றும் நியாயமாக, வரிசையாக வாய்வரை வந்தது.

"அவர்கிட்ட போனைக் கொடுக்கா."

கை மாறும் சத்தம் கேட்டது. எதிர்முனையில் ஒருவர் மூச்சிரைத்துக்கொண்டு இருந்தார்.

"நான்தாங்க எழுதினேன்" என்றாள். "நான் வந்து பாக்கல."