வாலை ஒட்ட நறுக்கு

எங்கள் புரதத்துக்கு வால் வைத்தவன் நான்தான். ஆய்வகத்தில் என் பட்டப்பெயரே வாலு என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எண்ணெய்க் கறையைத் தின்கிற புரதம். பாக்டீரியாவுக்குள் உருவாக்கலாம், ஆனால் அங்கே மற்ற புரதங்களும் கூட்டம் போடும். நம்மாளைத் தனியாக இழுக்கத்தான் வால்: வரிசையாக ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள். நிக்கல் மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றினால் வால் நிக்கலைக் கவ்வும், மற்றவர்கள் கழுவப்பட்டுப் போவார்கள். ஊற்றினேன். நம்மாளும் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார்.

"இன்னொரு வாட்டி ஒட்டலைன்னா, இந்த ப்ராஜெக்டோட வாலை ஒட்ட நறுக்கிடுவேன்," என்றார் ஆய்வகத்தை நடத்தும் சார். "நீ பக்கத்து ரூம்ல ஈஸ்ட் வளர்க்கலாம்."

ஈஸ்ட் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. அந்த ரூம் வாசனை மேல் உண்டு.

பக்கத்து மேசை சீனியர் அக்கா எட்டிப் பார்த்தாள். "வால் இருக்கா இல்லையான்னே தெரியாம ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? யூரியா போட்டுப் புரதத்தோட மடிப்பைப் பிரிச்சு ஊத்திப் பாரு."

பிரித்து ஊற்றினேன். கப்பென்று ஒட்டிக்கொண்டது!

"அக்கா! வால் இருக்கு! மடிச்சு வச்சு அது மேலயே உக்காந்திருக்கு!"

"வச்சவன் புத்தி."

மடிப்பு பிரிந்த புரதம் கறை தின்னாது. ஆகவே வாலை வெளியே நீட்ட, அதற்கும் உடம்புக்கும் நடுவே ஒரு லிங்கர்: கிளைசினும் செரினும் கோத்த தொளதொளக் கயிறு. முழ நீளத்துக்கு வரைந்தேன்.

"இவ்வளவு நீளமா?" என்றாள் அக்கா. "பாக்டீரியாவே கடிச்சுத் துப்பிடும். பாதியாக்கு. அப்புறம், உடம்பை ஒட்டினாப்பல ஒரு வெட்டுற இடம் வை. கத்திரி என்சைம் கண்டுபிடிக்கற மாதிரி."

"இப்பத்தானே வாலே வைக்கறோம், அதுக்குள்ள வெட்டறதா?"

"வைடான்னா வை."

வைத்தேன். புது மரபணு வந்தது. பாக்டீரியா வளர்ந்தது, உடைந்தது, குழாயில் இறங்கியது. கழுவினேன். திரும்பக் கழுவினேன். பிறகு, நிக்கலிடமிருந்து வாலை விடுவிக்கும் இமிடசோலை ஊற்றி, சொட்டியதைப் பழுப்புச் சாயத்தில் விட்டேன். புரதம் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் ஈஸ்ட்.

நீலம்! சும்மா இல்லை, பேனா மை கொட்டினது போல!

நான் போட்ட கூச்சலில் சார் டீ கிளாஸோடு ஓடிவந்தார். ஜெல்லில் ஓட்டிக் காட்டினேன். நட்ட நடுவில் தடியாக ஒரே பட்டை: நம்மாள் மட்டும், கூட்டம் இல்லை. விளக்கில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சரி. வாலை ஒட்ட நறுக்கு."

"சார், அதான் ஒட்டிடுச்சே சார்!"

"டேய், ப்ராஜெக்ட் வாலை இல்ல. புரதத்தோட வாலை. பிடிச்சாச்சு, இனி எதுக்கு அது? வெட்ட இடம் வச்சிருக்கியா?"

மேசைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள்.

"வச்சிருக்கேன் சார். இதெல்லாம் யோசிக்காமலா வரைவேன்?"

அக்கா கழற்றிய கையுறை என் மூஞ்சியில் வந்து விழுந்தது. அது மட்டும் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொண்டது.