மன்னிப்புக் கேட்ட மெஷின்

“பருத்தியில ஒட்டவே மாட்டேன்னு அடம்பிடிச்ச மெஷின், இன்னைக்கு விடியக்காலையில எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு” என்றார் பஸியூனி, தட்டின் ஓரத்து ஃபூல் பயறு மசியலை ரொட்டியால் வழித்தபடி.

மகள் அபீர் திரும்பவில்லை. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எகிப்தில் நெசவுக்குப் பேர்போன மஹல்லாவின் பெரிய மில்லில் ஆயிரம் தறிகளை ஒரே சீழ்க்கையில் நிறுத்தியவர், சாயத் தொட்டிக்குள் விழுந்து மூன்று மாதம் நீல நிறத்தில் நடமாடியவர், ஒரு கஜம் மஸ்லினைக் காட்டி வெளிநாட்டு இன்ஜினியரைத் தேம்பித் தேம்பி அழவைத்தவர். எல்லாம் அவரே சொன்னதுதான். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மெஷினை மன்னிப்புக் கேட்க வைப்பது எம்மாத்திரம்? தெருவே நம்பும், இல்லையென்றால் நம்பியது மாதிரி சிரிக்கும். நம்பாத ஒரே ஜீவன் அவருக்குத் தினம் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை மகளால் சிரிக்க முடியவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை போன பிறகு, வீட்டிலேயே டி-ஷர்ட்டில் படம் அச்சடித்துப் பிழைக்கலாம் என்று அவள் மூன்று வாரம் அலசினாள். சட்டமும் வலையும் வைத்துத் தேய்க்கும் முறை மலிவு. ஆனால் நிறத்துக்கொரு சட்டம் வேண்டும், அத்தனையையும் காயவைக்க இரண்டு அறை வீட்டில் இடமில்லை. பிலிமில் அடித்து ஒட்டும் மெஷின் எந்தத் துணியிலும் பிடிக்கும். அதற்கு வீட்டையே விற்க வேண்டும். மிச்சம் இருந்தது பழைய வீட்டுப் பிரிண்டரில் ஆவியாகும் சாயத்தை ஊற்றி, காகிதத்தில் அடித்து, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றும் வகை. பக்கத்து நகரமான தான்தாவில் ஒரு கடையில் சூட்டு அழுத்தியோடு சேர்த்து அது கிடைத்தது. அபீரின் இரண்டு வளையல்கள் அதில் போயின.

இந்தச் சாயம் பாலியஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும் என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். பாலியஸ்டர் என்ற பெயரைக் கேட்டாலே வாய் கொப்பளிக்கிற பஸியூனி, அது மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்வது என்று தலையை ஆட்டி வாங்கி வந்துவிட்டார். வந்த கையோடு முப்பது வெள்ளைப் பருத்திச் சட்டைகளையும் எடுத்து வந்தார். மஹல்லாக்காரன் வீட்டுக்குள் வேறு துணி எப்படி வரும்?

முதல் ஆர்டர் மழலையர் பள்ளியிலிருந்து. முப்பது சட்டை, நெஞ்சில் மஞ்சள் வாத்து. குழந்தைகள் உடம்புக்குப் பருத்திதான் என்று பள்ளி நடத்தும் அம்மாளும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அபீர் சோதனைக்கு ஒன்று அடித்துத் துவைத்தாள். வாத்து போய் அதன் ஆவி மட்டும் நின்றது. வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் போர்ட் சயீதுக்குப் போய், விடுதியில் தங்கித் தையல் வேலை. அங்கே அவள் பெயரைக் கொடுத்தாயிற்று.

“எப்படிக் கேட்டுச்சாம் மன்னிப்பு?” என்றாள், பாத்திரத்தைப் பார்த்தே.

மில்லில் படுக்கை விரிப்பு கசங்காமலிருக்கப் பூசுவார்களே, அந்தப் பிசின். பழைய கூட்டாளியிடம் ஒரு டப்பா வாங்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, பருத்தியில் பூசிக் காயவைத்து, அதன்மேல் அடித்தாராம். சாயம் பாலியஸ்டர் என்று ஏமாந்து உள்ளே இறங்கிவிட்டதாம். இறங்கும்போது மெஷின் தலைகுனிந்து ஸாரி சொன்னதாம்.

“வெந்நீர்ல போட்டு அடிச்சுத் துவை. வெளுத்தா என் மீசையை எடுத்துடறேன்.”

“போன மாசமும் மீசைதான் பந்தயம்” என்றாள் அபீர். வாய் நிற்கவில்லை. “நீங்க செத்தாத்தான் இந்த வீட்டுல பொய் நிக்கும்பா.”

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நல்லாச் சொன்னே என்றார். இரண்டாவது தேநீர் பால்கனிக்கு வரட்டும் என்று எழுந்து போனார். அவள் புதினா கிள்ளிப் போட்டுக் கொண்டுபோனபோது, நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நண்பகல் ளுஹர் தொழுகைக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். உள்ளறையில் குளிப்பாட்டினார்கள். அத்தை இன்ஷிராஹ், அவருடைய அக்கா, உடலைப் போர்த்தும் கஃபன் துணி கொண்டுவந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள். ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினாள். நூல் உருகி மணியாகத் திரளவில்லை. காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தது. அதன் பிறகுதான் வழிவிட்டாள்.

“பருத்தி இல்லேன்னா எந்திரிச்சு சண்டைக்கு வந்துடுவான்” என்றாள் யாரிடமோ. ஓரிருவர் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆண்கள் தோளில் ஜனாஸா படியிறங்கியது. பெண்கள் மேலேயே நின்றார்கள். சர்க்கரை போடாத காப்பி சுற்றி வந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு பஸியூனிக் கதை சொன்னார்கள். ஆயிரம் தறி இரண்டாயிரமாகியிருந்தது. நீல உடம்பு மூன்று மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்கு வளர்ந்திருந்தது. பிறந்த கன்றுக்குட்டி ஒன்று அவரைப் பார்த்து மிரண்டதாகவும் சேர்ந்திருந்தது. கடைசியாக என்ன பேசினார் என்று ஒருத்தி அபீரைக் கேட்டாள். தேநீர் கேட்டார் என்றாள் அபீர். அதுவும் உண்மைதான்.

எழுந்து உள்ளே போனாள். குளிப்பாட்டிய அறை இன்னும் ஈரமாக இருந்தது. மூலையில் மெஷின், அதன் பக்கத்தில் அழுத்தி, கீழே காய்ந்த பிரஷ் நின்ற டப்பா. ஆணியில் ஒரே ஒரு சட்டை தொங்கியது, அவர் விடியலில் அடித்தது. நெஞ்சில் வாத்து, முட்டை மஞ்சளாக.

அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். கொதிக்கிற தண்ணீரை வாளியில் ஊற்றினாள். சோப்புத் தூளை அளவு பாராமல் கொட்டினாள். முழங்கை வரை சிவக்கச் சிவக்கக் கசக்கினாள். வெளுக்க வேண்டுமென்று கசக்கினாளா, வெளுக்கக் கூடாதென்றா, அவளுக்கே தெரியவில்லை. வெளுத்தால், பொய் என்று காலையில் அவள் சொன்னது வெறும் உண்மை.

கதவு தட்டப்பட்டது. அத்தை.

“துக்க வீட்டுல துணி துவைக்கிற சத்தம் கேக்குதுடி. மூணு நாள் பொறுக்க மாட்டியா? ஊரு என்ன சொல்லும்?”

அபீர் தாழை நீக்கினாள். அத்தை முதலில் வாளியைப் பார்த்தாள், அப்புறம் வாத்தைப் பார்த்தாள். அவளும் அதே மில்லில் நூல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நின்றவள். கதவை மறுபடி சாத்திவிட்டு, காப்பிக்கு வைத்திருந்த கொதிநீர்க் கெண்டியை எடுத்துவந்து வாளியில் கவிழ்த்தாள்.

“சலவை சோடா போட்டியா?”

“இல்ல.”

“போடு. பாவம் பாக்காதே. நல்லாக் கசக்கு.”

மாறி மாறிக் கசக்கினார்கள். வெளியே ஓதும் குரல் ஏறி இறங்கியது. நீரை மூன்று முறை மாற்றினார்கள். மூன்றாவது நீரைக் கண்ணாடித் தம்ளரில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் அத்தை. மில்லில் சாயம் கழிகிறதா என்று பார்க்கிற முறை அது.

“மாடியில பாத்தியா நீ?” என்றாள், தம்ளரை இறக்காமல். “இருபத்தெட்டுச் சட்டையைப் பிசின் பூசிக் காயப்போட்டு வச்சிருக்கான். ஒவ்வொண்ணும் அப்பளம் மாதிரி விறைச்சு நிக்குது. நெஞ்சு வலிக்காரன் எப்போ அத்தனை படி ஏறினான், எத்தனை தடவை ஏறினான், தெரியல.”

அபீர் சட்டையைப் பிழிந்து உதறினாள். பால்கனிக்குக் கொண்டுபோய், அவருடைய நாற்காலிக்கு மேலே கொடியில் போட்டு இரண்டு கிளிப் மாட்டினாள். நாற்காலிக் கையில் தேநீர்த் தம்ளர் அப்படியே இருந்தது, ஆறி, மேலே படலம் படிந்து. மஞ்சள் வாத்தின் அலகிலிருந்து சொட்டிய நீர் அதற்குள் விழுந்தது. சொட்டில் நிறமில்லை.

கீழே ஆண்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை தம்ளரோடு பின்னால் வந்து நின்றாள்.

“என்னடி ஆச்சு?”

“மன்னிப்புக் கேட்டிருக்கு, அத்தே” என்றாள் அபீர்.