தோன்றா எழுவாய்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்க விரும்பவில்லை. வெளிக்கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கூட்டிவருவது அப்பாவின் வேலை. போன வாரம் அவர் கூட்டிவந்த கப்பல், கால்வாய் நடுவே சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

முதல் வரியை, 'கடல் அன்று அமைதியாக' என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். கடல் என்ன செய்தது, பாவம்.)

2
அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தின் சட்டப் பிரிவில் இருக்கிறார். அப்பாவின் வாக்குமூலத்தை அவரே எழுதிக் கொண்டுவந்தார். என் எழுத்து அழகாம், படியெடுக்க உட்காரவைத்தார். (அவரை வில்லனாக்கப் பார்த்தேன். அப்பாவுக்குப் பிடித்த பிஸ்கட்டும் வாங்கிவந்து பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்.)

"கையெழுத்து போட்டா கொஞ்ச நாள் சஸ்பென்ஷன், அத்தோட சரி அத்தான். போடலன்னா கேஸு, லைசென்ஸே போயிடும்."

"வரைபடத்துல அவ்வளவு ஆழம்னு போட்டது யாரு மாப்ள?"

"கீழ பொடி எழுத்துல 'ஆழம் மாறலாம்'னும் போட்டிருக்கோமே."

அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்: "உன் கல்யாணப் பத்திரிகையிலயும் 'மாப்பிள்ளை மாறலாம்'னு போட்டிருக்கலாமேடா!"

3
நான் படியெடுத்தது இது: 'நான் கவனக்குறைவாக இருந்தேன். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் ஆழத்தைச் சரிபார்க்கவில்லை. கால்வாயில் சில காலமாகத் தூர்வாரவில்லை.'

கடைசி வரி அப்பா பிடிவாதம் பிடித்துச் சேர்த்தது. அதில் மட்டும் ஆளே இல்லை.

(பள்ளியை விட்டு நிற்கும் முன் கடைசியாகப் படித்தது தோன்றா எழுவாய். 'வந்தேன்' என்றால் போதும், ஒளிந்திருக்கும் 'நான்' மாட்டிக்கொள்ளும். 'வாரினார்கள்' என்றாலும் அப்படித்தான். ஆனால் 'வாரவில்லை'? நானா, நீயா, அவர்களா? செய்தவரைக் காட்டிக்கொடுக்கும் தமிழ், செய்யாதவரை இப்படியா ஒளித்துவைக்கும்?)

"மாமா, யாரு வாரல?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உனக்கெதுக்குடி அது? எழுதும்மா."

அப்பா நிமிர்ந்தார். "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு மாப்ள. அப்புறம் போடறேன் கையெழுத்து."

4
முடிவு ஒன்று: மாமா மனம் திருந்தி (சிரிப்பு வருகிறது).

முடிவு இரண்டு: அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு (எழுதமாட்டேன்).

படியில் ஓர் இடம் விட்டிருக்கிறேன்:

'கால்வாயில் சில காலமாக ............... தூர்வாரவில்லை.'

மாமா பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறார். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. இனி நீங்கள் நிரப்புங்கள். 'நான்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை அப்பாவின் தலையில் ஏற்கெனவே மூன்று முறை கட்டியாகிவிட்டது.