நட்சத்திரம் ஒட்டிய சுண்ணாம்பு டப்பா

1

இந்தக் கதையை நான் எங்கிருந்தும் பொறுக்கி வரவில்லை. எனக்கே நடந்தது. நான் செய்ததைத் தாமரை என்றொரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு யாரும் திடுக்கிட வேண்டாம்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கடல் பின்வாங்கிய அந்தக் காலையில் புஷ்பவல்லி தன் தனிமையை—

(தனிமையாம்! முழங்கால் வரை சேற்றில் நிற்பவளுக்குக் காலைப் பிடுங்கவே நேரம் போதாது.)

சிப்பியைப் போலவே அவளும் தன்னை மூடிக்கொண்டு—

(சிப்பி என்றதும் முத்துக்குக் காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் சதையும் மணலும்தான்.)

2

புஷ்பவல்லிக்கு ஐம்பத்து நான்கு வயது. பண்டமாரானில் ஒரு லோரிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் வற்றினால் மோரிப் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவாள். சேற்றில் சாவித் துவாரம் போன்ற ஓட்டையைத் தேடுவாள். ஈர்க்குச்சியைச் சுண்ணாம்பில் தோய்த்து உள்ளே விட்டால், எரிச்சல் தாங்காமல் நீளச் சிப்பி மேலே எழும்பும். சட்டென்று பிடித்துவிட வேண்டும். அந்தச் சுண்ணாம்பு இருப்பது சிவப்பு மூடி போட்ட டப்பாவில். மூடியில் ஒரு தங்க நட்சத்திரம். தமிழ்ப்பள்ளியில் மகள் தாமரைக்குக் கிடைத்த ஸ்டிக்கர், அவளே ஒட்டியது.

அந்தத் தாமரைதான் காதலன் வீட்டில் சிப்பி பிடிப்பதை மறைத்து, "அம்மாவுக்குத் தோட்டவேலைன்னா உயிர்" என்று சொல்லி வைத்திருந்தாள். (காதலனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. பெயரும் இல்லை.)

3

ஒரு ஞாயிறு, தொப்பியும் கேமராவுமாக ஒரு கூட்டம் சேற்றில் இறங்கியது. நத்தைகளைப் பார்ப்பார்கள், பெயர் சொல்வார்கள், எடுக்க மாட்டார்கள். சுபாங் ஜெயாவில் வசதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். முன்னால் வந்தவள் புஷ்பவல்லிக்குப் போனில் பார்த்த முகமாகத் தெரிந்தாள். காதலனின் அம்மா சீதாலெட்சுமி. பக்கத்தில் தாமரை. ஆன்டி "பீச்சுக்குப் போலாம்" என்றபோது எந்த பீச் என்று கேட்காமலே காரில் ஏறியவள்.

புஷ்பவல்லி முகத்தைத் துணியால் கட்டியிருந்தாள். மேலெல்லாம் சேறு.

"காக், இனி பொலே மாக்கான் கா?" என்று சீதாலெட்சுமி மலாயில், சாப்பிடலாமா என்று கேட்டாள்.

புஷ்பவல்லி மகளைப் பார்த்தாள். மகள் ஒரு நத்தையைப் பார்த்தாள்.

"பொலே, புவான்" என்றாள், சாப்பிடலாம் அம்மா என்று மலாயிலேயே.

"சுண்ணாம்பா வைக்கிறா? அய்யோ, எரியும்லா அதுக்கு!" சீதாலெட்சுமி குனிந்து டப்பாவைப் படம் எடுத்தாள். "குரூப்ல போடணும். பாரு தாமரை, இந்தோனேசியாக்காரிங்க இப்படியே அள்ளிட்டுப் போனா கடல்ல என்ன மிச்சம் இருக்கும்? சொன்னாலும் புரியாதுலா இவங்களுக்கு."

"ஆமா ஆன்டி" என்றாள் தாமரை.

4

இந்த இடத்தில் புஷ்பவல்லி மனத்துக்குள் நுழைய மூன்று முறை முயன்றேன். முதலில் அழ வைத்தேன். அவள் அழுதால் எனக்கு நிம்மதி, அதற்காக. அடுத்து மன்னிக்க வைத்தேன், அது இன்னும் மலிவு. மூன்றாவதில் அவள்

(தெரியாது. இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்தும் தெரியாது. பிறர் மனத்தை எழுதுகிறேன் என்று பேட்டி கொடுப்பவள் நான்.)

தெரிந்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் சிப்பிகள் உப்புத் தண்ணீரில் மணலைத் துப்பிக்கொண்டிருந்தன. புஷ்பவல்லி திரும்பாமலே சொன்னாள்: "அந்தம்மாவுக்குச் செருப்பு சரியில்ல. அந்தப் பக்கம் வழுக்கும். சொல்லி வை."

5

இரண்டு வாரம் கழித்து முதன்முதலாகப் பெண் கேட்டு வந்தார்கள். பட்டுச்சேலையில் புஷ்பவல்லியைச் சீதாலெட்சுமிக்கு அடையாளம் தெரியவில்லை. "செடியெல்லாம் எங்கங்க?" என்று மட்டும் கேட்டாள். தாமரை அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தாம்பூலத் தட்டில் கை வைத்தார் காதலனின் பெரியப்பா ரெங்கசாமி. "வெத்தல இருக்கு, பாக்கு இருக்கு, சுண்ணாம்பு எங்கம்மா? நான் என்ன ஆடா, சும்மா எலைய மெல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். "தாமரை, ஜன்னல் கிட்ட இருக்கு பாரு" என்று அடுப்படியிலிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது. தாமரை போனில் கண் வைத்தபடியே எடுத்து வந்து தட்டில் வைத்தாள்.

(புது டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. புஷ்பவல்லி மறந்தாளா, மறக்கவில்லையா? இந்தக் கதையில் எனக்குப் பயம் தரும் கேள்வி இது ஒன்றுதான்.)

ரெங்கசாமி மென்றார். முகம் கோணியது. "என்னம்மா, மணல் கடிக்குது!"

சீதாலெட்சுமி எட்டிப் பார்த்தாள். சிவப்பு மூடி, தங்க நட்சத்திரம். போனைத் தேய்த்து அந்தப் படத்தை எடுத்தாள். "தாமரை, அன்னைக்கு பீச்சுல அந்தப் பொம்பள வச்சிருந்தாளே… அதே டப்பா இல்ல?"

6

சேற்றைக் கழுவிய கையில் கரண்டியோடு புஷ்பவல்லி அடுப்படி வாசலுக்கு வந்து நிற்கிறாள். இந்த முறை முகத்தில் துணியில்லை.

"ஆமா ஆன்டி" என்கிறாள் தாமரை.

ஆமாம், அதே இரண்டு சொற்கள்தான். அடுத்து, "கடையில எல்லாம் விக்கிறாங்க" என்று அவள் முடிக்கலாம். "அது எங்கம்மாதான்" என்றும் முடிக்கலாம். நான் எதைச் சொன்னேன் என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை. அதையும் சொல்லி உங்கள் பாராட்டையோ திட்டையோ வாங்கிக்கொண்டு தூங்கப் போவது எனக்குச் சுலபம்.

நீங்கள் முடியுங்கள். சீக்கிரம். அம்மா நின்றுகொண்டே இருக்கிறாள்.